சந்தை காப்பவனின் தர்மம்

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில், அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் யுதிஷ்டிரருக்குச் சொல்லும் உபாக்கியானங்களுள், காசி மாநகரத்து வணிகனாகிய துலாதாரனைப் பற்றியது ஒன்று. ஜாஜலி என்னும் தபஸ்வி கானகத்தில் அசையாது நின்று தவம் செய்தார். அவருடைய சடையில் குருவிகள் கூடு கட்டி, முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அக்குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்து போகும் வரையில் அவர் நின்ற நிலை பெயரவில்லை. தர்மத்தை அடைந்துவிட்டோம் என்று அவர் பெருமிதம் கொண்ட வேளையில், காசியிலே கடை வைத்திருக்கும் துலாதாரனுக்கு நீர் ஈடாக மாட்டீர் என்று ஒரு குரல் எழுந்தது. வியப்பும் பொறாமையும் ஒருங்கே வருத்த, அவர் காசிக்குச் சென்று பார்த்தபோது, அந்த மனிதன் வேர்களையும் வாசனைப் பொருள்களையும் ரசங்களையும் விற்றுக்கொண்டிருந்தான். மது ஒன்றை நீக்கி மற்றவற்றைப் பிறரிடம் வாங்கி வஞ்சனையின்றி விற்பதாகவும், தன் தராசு எல்லா உயிர்களுக்கும் சமமாக நிற்பதாகவும், அதுவே தன் விரதம் என்றும் அவன் ஜாஜலிக்கு உரைத்தான்.

வாணிகத்தில் நின்றுகொண்டே தர்மத்தில் நிற்க இயலுமா என்பது அந்த உபாக்கியானம் எழுப்பும் வினா. நம் காலத்தில், இணையதளத்தில் வரி விளம்பரங்களுக்கு இடம் தரும் தொழிலில், அவ்வினா முன்னிலும் நுட்பமான வடிவத்தில் எழுந்திருக்கிறது என்று நான் கருதுகிறேன். துலாதாரன் தன் சரக்கைத் தானே நிறுத்து விற்றான். ஆதலால் அவனுடைய தராசு நேராக இருப்பதே அவனுடைய தர்மத்துக்குப் போதுமானதாயிற்று. வரி விளம்பரத் தளம் நடத்துகிறவனோ எதையும் விற்பதில்லை. பழைய தையல் இயந்திரத்தை விற்க விரும்பும் ஒரு பெண்மணியும் அதை வாங்க விரும்பும் மற்றொருவரும், வாடகைக்கு அறை தேடும் மாணவனும், வேலைக்கு ஆள் தேடும் சிறு முதலாளியும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடத்தை அமைத்துக் கொடுத்துவிட்டு அவன் ஒதுங்கி நிற்கிறான். அவ்விடத்திலிருந்து வரும் பொருளில் அவனுக்கு எவ்வளவு போதும்? அவ்விடத்தில் நடக்கும் காரியங்களில் அவனுக்கு எவ்வளவு பாத்தியதை? முதற் கேள்விக்கு உத்தமமான விடை கண்ட மனிதர்களும் இரண்டாவது கேள்வியில் தடுமாறியிருக்கிறார்கள். அந்தத் தடுமாற்றத்துக்கு அவர்களுடைய உத்தமகுணமே ஒரு காரணமாக இருந்தது என்பதுதான் நான் இங்கு ஆராய விரும்பும் விஷயம்.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில், 1995-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிரெய்க் நியூமார்க் என்ற கணினி நிபுணர், நகரில் நடக்கும் கலை நிகழ்ச்சிகளையும் கூட்டங்களையும் பற்றித் தம் நண்பர் சிலருக்கு மின்னஞ்சலில் செய்தி அனுப்பத் தொடங்கினார். ஐபிஎம் நிறுவனத்தில் 17 ஆண்டுகள் உழைத்துவிட்டு அந்நகருக்கு வந்து குடியேறியவர் அவர். புதிய ஊரில் பிறர் தமக்குச் செய்த உதவிக்குப் பிரதியாகத் தம்மால் இயன்றதைச் செய்வோம் என்பதற்குமேல் அவருக்கு அப்போது நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. நண்பர்களின் நண்பர்கள் சேர்ந்தார்கள். நிகழ்ச்சிகளோடு வேலைவாய்ப்பும், வாடகை வீடும், விற்பனைப் பொருளும் அந்தப் பட்டியலில் வந்து சேர்ந்தன. 1996-இல் அது இணையதளமாயிற்று. பொதுவானதொரு பெயரை வைக்க அவர் எண்ணியிருக்க, பயன்படுத்தியவர்கள் ஏற்கெனவே அதைக் 'கிரெய்க்ஸ்லிஸ்ட்' என்றே அழைக்கத் தொடங்கியிருந்தமையால் அப்பெயரே நிலைத்தது. படங்களும் பதாகைகளும் மின்னாத வெறும் எழுத்துப் பக்கம். லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பெர்ல் என்று யாரும் விலையின்றிப் பெறக்கூடிய மென்பொருள்கள். நெடுங்காலம் ஒரு குடியிருப்புப் பகுதியின் பழைய வீட்டிலேயே நடந்த அலுவலகம். இத்தனை சுருக்கமாக நடத்தியதனால்தான் பெரும்பாலான விளம்பரங்களை இலவசமாக ஏற்றுக்கொள்ளவும், மைக்ரோசாப்டின் நகர வழிகாட்டித் தளத்தினர் பதாகை விளம்பரம் தர முன்வந்தபோது வேண்டாம் என்று மறுக்கவும் அவருக்கு இயன்றது.

1999-இல் அது நிறுவனமாகப் பதிவு பெற்றது. 2000-இல் ஜிம் பக்மாஸ்டர் என்பவர் தலைமை நிர்வாகியானார். நிறுவியவரோ நிர்வாகத்தை அவரிடம் ஒப்புவித்துவிட்டு, பயன்படுத்துவோரின் புகார்க் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதும் வேலையைத் தமக்கு எடுத்துக்கொண்டார். இந்த ஒரு செய்கையை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்தாபனத்தின் உச்சியில் அமரும் பாத்தியதை உள்ளவர் அதன் வாசலில் உட்கார்ந்து வருவோர் போவோரின் குறைகளைக் கேட்பதைத் தேர்ந்தெடுத்தது, வாணிக உலகில் அடிக்கடி காணக்கூடிய காட்சி அன்று.

வருமானம் எங்கிருந்து வந்தது? சான்பிரான்சிஸ்கோவில் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் தரும் விளம்பரங்களுக்கு மட்டும் முதலில் கட்டணம் வைத்தார்கள். பின்னர் வேறு சில பெருநகரங்களிலும் அவ்வாறே செய்தார்கள். 2006-இல் நியூயார்க் நகரத்து வீட்டுப் புரோக்கர்கள் தரும் விளம்பரம் ஒன்றுக்கு 10 டாலர் என்று விதித்தார்கள். இந்தக் கடைசிக் கட்டணத்தின் காரணம் கவனிக்கத்தக்கது. ஒரே வீட்டைப் பலமுறையும், இல்லாத வீட்டை இருப்பதாகவும் விளம்பரம் செய்து, உண்மையான விளம்பரங்களை மூழ்கடித்துவந்தவர்களுக்குத் தடையாகவே அது வைக்கப்பட்டது. ஏழையிடம் வாங்காமல், பொய்யைப் பெருக்கக்கூடியவனிடம் மட்டும் வாங்கும் கட்டணம், வருமானமாகவும் காவலாகவும் ஒருங்கே அமைந்துவிடுகிறது. சிறிய முதலில் தளம் நடத்த எண்ணுகிறவர்கள் இந்த யுக்தியை மனத்தில் வைக்க வேண்டும்.

2006 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த ஒரு முதலீட்டாளர் மாநாட்டில், வால் தெருவின் ஆய்வாளர்கள் பக்மாஸ்டரைப் பார்த்து, உங்கள் லாபத்தை உச்சத்துக்குக் கொண்டுபோக என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட திட்டம் ஒன்றும் இல்லை, பயன்படுத்துவோர் கேட்பதைச் செய்துகொடுப்பதே எங்கள் காரியம், பதாகை விளம்பரம் வேண்டுமென்று அவர்களில் எவரும் கேட்கவில்லை என்று அவர் விடையளித்தார். கேட்டவர்கள் திகைத்துப் போனதாக அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. அந்தத் திகைப்பைச் சிறிது நேரம் நின்று நோக்க வேண்டியிருக்கிறது. மண்ணாசையை ஒழித்த முனிவரை உலகம் புரிந்துகொள்கிறது. அவருக்கென்று காட்டையும் மடத்தையும் ஒதுக்கி வைத்து, அவரைத் தொழுதுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறது. ஆனால் சந்தையின் நடுவிலே உட்கார்ந்துகொண்டு, வரக்கூடிய பொருளை வேண்டாம் என்கிறவனை உலகத்துக்கு வைக்க இடம் தெரிவதில்லை. உடைமையை விட்டொழிப்பதைக் காட்டிலும், உடைமையின் நடுவே இருந்துகொண்டு அதற்கு ஓர் எல்லை கட்டுவது கடினமான சாதனை என்று நான் எண்ணுகிறேன்; நம் சாஸ்திரங்கள் போற்றும் அபரிக்கிரகத்தின் இல்லற வடிவமாக அதைக் கொள்ளலாம். அந்தச் சாதனைக்கு நம் காலத்து உதாரணம் கேட்போருக்கு இந்த நிறுவனத்தின் முதல் இருபது ஆண்டுகளைச் சுட்டிக்காட்ட நான் தயங்கமாட்டேன்.

ஆயினும் எல்லை கட்டியவனை எல்லைக்குள் இருக்க உலகம் விடவில்லை. 2004-இல், நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவரிடமிருந்த பங்குகளை ஈபே நிறுவனம் வாங்கி, 28 சதவிகிதத்துக்குச் சற்று அதிகமான பங்குக்கு உரிமையாயிற்று. 2007-இல் ஈபே தானே அமெரிக்காவில் ஒரு வரி விளம்பரத் தளத்தைத் தொடங்கியது. தங்கள் காலத்துக்குப் பின் இந்தப் பொது இடம் லாபவேட்டைக்கு இரையாகிவிடும் என்று அஞ்சிய நியூமார்க்கும் பக்மாஸ்டரும், பங்குகள் கைமாறுவதைத் தடுக்கும் சில ஏற்பாடுகளை 2008-இல் செய்தார்கள். அவற்றை எதிர்த்து ஈபே தொடுத்த வழக்கு டெலவேர் மாநில நீதிமன்றத்துக்குச் சென்றது. 2010 செப்டம்பரில் நீதிபதி வில்லியம் சாண்ட்லர் அந்த ஏற்பாடுகளில் ஒன்றை அனுமதித்து மற்றவற்றை ரத்து செய்தார். சமூக சேவை என்ற நோக்கத்தை அவர் பழித்துரைக்கவில்லை. ஆனால் லாபநோக்குள்ள நிறுவனம் என்ற உருவத்தைத் தாங்களே தேர்ந்துகொண்டு, பிறருடைய முதலீட்டையும் ஏற்றுக்கொண்டபின், பங்குதாரர்களுக்காக நிறுவனத்தின் பொருள்மதிப்பைப் பெருக்க முயலமாட்டோம் என்பதையே கொள்கையாக வைத்துக்கொள்ளும் உரிமை இயக்குநர்களுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்பை முதலில் படித்தபோது, போதும் என்பது குற்றமாகவும் லோபம் கடமையாகவும் ஆகிவிட்டதே என்று எனக்கு மனவருத்தம் உண்டாயிற்று. மீண்டும் எண்ணிப் பார்க்கையில் நீதிபதியின் நியாயத்திலும் ஒரு தர்மம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறன் பொருளைப் பெற்றுக்கொண்டவன், அப்பொருளின் விஷயத்தில் தன் வைராக்கியத்தைக் காட்ட முடியாது. துறப்பதற்குத் தன்னுடையதுதான் தனக்கு உரியது. திருவள்ளுவர் வாணிகருக்குரிய அறத்தைப் பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலில் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியிலே வைத்து, பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று கருத்துரைத்ததும் இந்த நுட்பத்தை உட்கொண்டே என்று தோன்றுகிறது. 2015-இல் ஈபே தன் பங்குகளை நிறுவனத்துக்கே திருப்பி விற்றுவிட்டது. சிறிய தளம் தொடங்குகிறவர்கள் இதிலிருந்து கொள்ள வேண்டியது வெளிப்படை: போதும் என்று சொல்லும் சுதந்திரம், பிறர் முதலை ஏற்காதவரை மட்டுமே முழுமையாக நம்மிடம் இருக்கும். குறைந்த செலவில் நடத்துவதன் ஆன்மிகமான பயன் இதுதான். அது உரிமையாளனைத் தனக்குத் தானே எஜமானனாக வைத்திருக்கிறது.

இனி, இலவசமாகக் கொடுத்தது யாரையும் வருத்தாத தானமாக அமைந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு 2000-ஆம் ஆண்டில் வரி விளம்பரங்களால் மட்டும் சுமார் 1,960 கோடி டாலர் வருமானம் வந்தது. பத்து ஆண்டுகளில் அது சுமார் 560 கோடி டாலராகச் சுருங்கிவிட்டது. அந்த வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் 2000 முதல் 2007 வரை கிரெய்க்ஸ்லிஸ்ட் ஒன்றினாலேயே விளம்பரம் தருவோருக்கு மிச்சமான தொகை சுமார் 500 கோடி டாலர் என்று சீமன்ஸ், ஜூ என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தையல் இயந்திரத்தை விற்ற பெண்மணியின் கையில் மிஞ்சிய அதே டாலர், நகரசபையின் ஊழலைத் துருவி எழுதும் நிருபருக்குச் சம்பளமாகப் போயிருக்க வேண்டியது. பலனைக் கருதாமல் செய்த நற்கர்மமும் பலனை விளைவிக்காமல் விடுவதில்லை. அந்தப் பலன் எவன் தலையில் விழும் என்பதைச் செய்தவன் நிர்ணயிக்க முடிவதில்லை. 2018-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளிக்கு நியூமார்க் 2 கோடி டாலர் நன்கொடை அளித்தார். இன்று அப்பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைப் பிராயச்சித்தம் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். மலிவாகக் கிடைக்கும் ஒரு வசதியைத் தன் அண்டைக்காரருக்குக் கொடுப்பதில் பாவம் ஏதும் இல்லை. வரி விளம்பரத்தின் தோளில் ஏறி நின்று பிழைத்த பத்திரிகைத் தொழில், அந்தத் தோள் தனக்கு என்றும் சொந்தம் என்று எண்ணியிருந்தது அதனுடைய துர்ப்பாக்கியம். ஆயினும் தன் செய்கையால் நலிந்த ஒன்றை, குற்றம் தன்னுடையதா அல்லவா என்று வாதாடிக்கொண்டிராமல், எடுத்து நிறுத்த முற்படுவது நல்ல மனத்தின் லட்சணம்.

இரண்டாவது கேள்வி இதைக் காட்டிலும் கடினமானது. சிகாகோ நகரத்தில் குடியியல் உரிமைகளுக்காகப் பாடுபடும் வழக்கறிஞர் குழு ஒன்று, 2006-இல் இந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தது. இன்ன இனத்தாருக்கு, இன்ன மதத்தாருக்கு, குழந்தை உள்ளவர்களுக்கு வீடு இல்லை என்று விளம்பரம் செய்வது 1968-ஆம் ஆண்டின் அமெரிக்க வீட்டுரிமைச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட விளம்பரத்தை அச்சிடும் பத்திரிகையும் குற்றவாளியாகும். அத்தகைய விளம்பரங்கள் கிரெய்க்ஸ்லிஸ்டில் வந்திருந்தன. ஆனால் 1996-இல் இயற்றிய மற்றொரு சட்டத்தின் 230-ஆவது பிரிவு, பிறர் எழுதியதை வெளியிடும் இணையதளத்தை அந்த எழுத்துக்குப் பொறுப்பாளியாகக் கருதலாகாது என்று விதித்திருந்தது. ஆகவே 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. செய்தியில் தீமை இருக்கிறது என்பதற்காகச் செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிக்க முடியாது என்பது நீதிமன்றத்தின் கருத்தாக இருந்தது.

அத்தீர்ப்பில் போகிற போக்கில் சொல்லப்படும் ஒரு விவரம் என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. மாதந்தோறும் 3 கோடிக்கு மேற்பட்ட அறிவிப்புகள் அந்தத் தளத்தில் ஏறுகின்றன; 450 நகரங்களுக்கான அத்தளத்தை நடத்துவோர் 30 பேருக்கும் குறைவு; ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து வெளியிட வேண்டுமானால் ஆட்களையும் செலவையும் வெகுவாகப் பெருக்க வேண்டும், பெருக்கினாலும் தவறுகள் நேரத்தான் செய்யும் என்று நீதிமன்றம் கூறுகிறது. அதாவது ஒரு மனிதருக்கு மாதம் 10 லட்சத்துக்கு மேற்பட்ட அறிவிப்புகள். எந்தச் சுருக்கத்தை அபரிக்கிரகத்தின் அடையாளமாக நாம் இதுவரை போற்றிவந்தோமோ, அந்தச் சுருக்கமே காவல் இல்லாமைக்கு நியாயமாகவும் வந்து நிற்கிறது. லாபத்தை வேண்டாம் என்றவர்கள், அந்த லாபத்தைக் கொண்டு அமர்த்தக்கூடிய காவலாளிகளையும் சேர்த்து வேண்டாம் என்றவர்களாகிவிட்டார்கள்.

விளைவு சிறியதாக இல்லை. மோசடி விளம்பரங்களால் முன்பணத்தை இழந்தவர்கள் பலர். வேலை தருவதாக வந்த விளம்பரத்தை நம்பிச் சென்று உயிரிழந்தவர்களும் உண்டு. காமத் தொழிலுக்கான பகுதியில், தம் விருப்பத்துக்கு மாறாகப் பிறரால் விற்கப்பட்ட பெண்களும் சிறுமியரும் விளம்பரம் செய்யப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 2008-இல் மாநில அட்டர்னி ஜெனரல்களோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி அப்பகுதிக்குத் தொலைபேசிச் சரிபார்ப்பும் கட்டணமும் கொண்டுவந்தார்கள். 2009-இல் பெயரை மாற்றி, ஒவ்வொரு விளம்பரத்தையும் மனிதர் படித்துப் பார்க்கும் முறையை ஏற்படுத்தினார்கள். 2010 செப்டம்பரில், 17 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் கூடிக் கேட்டுக்கொண்டபின், அமெரிக்காவில் அப்பகுதியை மூடிவிட்டார்கள். மூடுவதால் அத்தொழில் இன்னும் இருளான இடங்களுக்கு நகர்ந்து, பாதிக்கப்பட்டோரைத் தேடுவதே கடினமாகிவிடும் என்று அன்று வாதித்தவர்களும் இருந்தார்கள். அந்த வாதத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் தீமை எங்காவது நடக்கத்தான் போகிறது, ஆகவே என் திண்ணையிலேயே நடக்கட்டும் என்பது, நடைமுறை அறிவாக இருக்கலாமே தவிர, தன் சந்தையைப் பற்றி ஒருவன் கொள்ளத்தக்க விரதம் ஆகாது.

இவ்விடத்தில்தான் ஜாஜலியின் தவம் எனக்கு விளங்குகிறது. அவர் எவ்வுயிருக்கும் தீங்கு நினைக்கவில்லை, தலையில் கூடு கட்டிய குருவியை அவர் அழைக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை, அசையாதிருந்தார். அன்று வந்து கூடு கட்டியவை குருவிகளாக இருந்தமையால் அந்த அசையாமை கருணையாகக் கனிந்தது. பாம்பு வந்து கூடு பிடித்திருந்தால்? நான் இடம் மட்டுமே கொடுக்கிறேன், வருவது எது என்பது என் காரியமன்று என்று சொல்லும் தளம் ஜாஜலியின் நிலையில் நிற்கிறது. 230-ஆவது பிரிவு அந்த நிலைக்குச் சட்டத்தின் கவசத்தையும் கொடுத்திருக்கிறது. துலாதாரனுடைய சமத்துவம் வேறு. அவன் தராசு எல்லோருக்கும் சமமாக நின்றது. ஆயினும் மது அவன் கடைக்குள் வரவில்லை. வாங்குகிறவர்களுக்கிடையே பேதம் பாராட்டாமையும், விற்கத் தகாததை ஏற்காமையும் ஒரே விரதத்தின் இரண்டு அங்கங்களாக அவனிடம் இருந்தன. சமத்துவம் பார்த்துக்கொண்டே இருப்பது. உதாசீனம் பார்க்காமல் இருப்பது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதனால்தான் நல்லவர்களும் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

புத்தபிரான் இல்லறத்தாருக்கு விலக்கிய வாணிகங்கள் ஐந்து: ஆயுதம், உயிருள்ள பிராணிகளையும் மனிதரையும் விற்பது, மாமிசம், போதைப்பொருள், விஷம். கிரெய்க்ஸ்லிஸ்ட் இன்று தன் தளத்தில் தடைசெய்திருக்கும் பொருள்களின் பட்டியலில் ஆயுதமும் மதுவும் புகையிலையும் இருக்கின்றன. வளர்ப்புப் பிராணிகளை விலைக்கு விற்பதற்கும் இடமில்லை, வளர்க்க எடுத்துக்கொள்வோரிடம் சிறு தொகை பெறலாம் என்பதோடு சரி. இரண்டரை ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு பட்டியல்கள் இவ்வளவு நெருங்கி வருவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சந்தையை வெகுகாலம் உற்று நோக்கிய எவரும், அதற்குள் வரத்தகாதவை சில உண்டு என்ற முடிவுக்கே வந்து சேருகிறார்கள்.

இதே சங்கடத்தைக் காந்தியடிகளும் எதிர்கொண்டார். தென்னாப்பிரிக்காவில் 1903-இல் தொடங்கி, முதலில் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வெளிவந்த 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் விளம்பரங்கள் இடம்பெற்றன. எதை ஏற்பது, எதை மறுப்பது என்ற ஓயாத விவகாரமும், செல்வாக்குள்ளவர் தரும் தகாத விளம்பரத்தை மறுக்க முடியாத தர்மசங்கடமும் நல்ல ஊழியர்களின் காலத்தைத் தின்பதைக் கண்டு, பின்னாளில் விளம்பரங்களையே அவர் நிறுத்திவிட்டார். அவர் வழி பத்திரிகைக்குப் பொருந்தும். விளம்பரமே உடலாக உள்ள ஒரு தளத்துக்கு அந்த வாசல் திறந்திருக்கவில்லை; அது அந்த ஓயாத விவகாரத்தின் நடுவிலேயே தினந்தோறும் வாழவேண்டியிருக்கிறது. ஆனால் அவர் கீதையின் அபரிக்கிரகத்திலிருந்தும் ஆங்கிலச் சட்ட நூலிலிருந்தும் சேர்த்துக் கண்டெடுத்த தர்மகர்த்தா தத்துவம் இங்கே முற்றிலும் பொருந்தும். கோயில் தர்மகர்த்தா கோயில் சொத்தைத் தனக்கென்று தொடாமலிருப்பதோடு அவர் கடமை முடிந்துவிடுவதில்லை. அந்தச் சொத்தைக் காப்பதும் அவருடைய கடமையே. தொடாமை என்ற பாதியைச் சான்பிரான்சிஸ்கோ நண்பர்கள் மிக உயர்வாக நிறைவேற்றினார்கள். காப்பது என்ற பாதியில், பிறர் வற்புறுத்தியபின் ஒவ்வோர் அடியாக முன்வைத்தார்கள். பயன்படுத்துவோரே தகாத விளம்பரத்தைக் கொடி காட்டிச் சுட்டிக்காட்ட, போதிய பேர் சுட்டியதும் அது தானாகவே நீங்கிவிடும் ஏற்பாடு அவர்களுடைய சிறந்த சிருஷ்டி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊராரையே ஊர்க்காவலாக்கிய அந்த முறை, செலவில்லாத காவல் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது, எங்கே நின்றுவிடும் என்பதையும் காட்டியது.

நம் நாட்டில் இத்தகைய தளத்தைத் தொடங்குவது இன்று மிகவும் எளிது. ஓராண்டு டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்குமாகச் சில ஆயிரம் ரூபாய். ஓஸ்கிளாஸ் போன்ற இலவச மென்பொருள். ஒரு தாலுகாவின் வாடகை வீடுகளுக்கோ, ஒரு மாவட்டத்தின் பழைய விவசாயக் கருவிகளுக்கோ என்று எல்லையைச் சுருக்கிக்கொண்டால், ஒருவரே நடத்திவிடலாம். ஆனால் முதல் நாள் தளம் காலியாக இருக்கும். விளம்பரம் இல்லாததால் ஆள் வருவதில்லை, ஆள் வராததால் விளம்பரம் வருவதில்லை. அந்த வெறுமையில்தான் முதல் பரீட்சை வருகிறது. பிற தளங்களின் விளம்பரங்களைப் பெயர்த்தெடுத்துப் போட்டும், இல்லாத வீட்டை இருப்பதாகக் காட்டியும் நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் தோன்றும். பொய்யால் நிரப்பிய சந்தைக்கு மெய்யைத் தேடி வருகிறவன் ஒருமுறைதான் வருவான். தெரிந்தவர்களின் கதவைத் தட்டி, உண்மையான ஐம்பது விளம்பரங்களைக் கேட்டு வாங்கிப் போடுவது வெட்கத்துக்குரிய காரியம் அன்று. அடுத்த பரீட்சை, சேர்ந்துவிட்ட தொலைபேசி எண்களை விலைக்குக் கேட்டு வருகிறவனால் வரும். அந்த எண்கள் நம்மிடம் அடைக்கலமாக வைக்கப்பட்டவை என்பதை மறந்தவன் தளம் நடத்தத் தகுதியற்றவன்.

இந்தியச் சட்டமும் இடம் கொடுப்பவனுக்கு ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவில், அப்பாதுகாப்பை இழக்கச் செய்யும் 'உண்மையான அறிவு' என்பது நீதிமன்ற உத்தரவினாலோ அரசின் அறிவிப்பினாலோ வருவது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் விளக்கியது. 2021-ஆம் ஆண்டின் விதிகள், குறைகேட்கும் அலுவலர் ஒருவரின் பெயரைத் தளத்தில் வெளியிட வேண்டும் என்றும், புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டு 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்றும் கட்டளையிட்டன. சட்டம் கேட்பது இவ்வளவு. தர்மம் உத்தரவு வரும்வரை அறியாதவனாக இருக்க அனுமதிப்பதில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் ராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு வண்டியை மலிவாக விற்க வருகிறவன், பணம் பெறுவதற்கு இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் 'பின்' (PIN) எண்ணைப் போடுங்கள் என்கிறவன், வேலைக்குப் பதிவுக் கட்டணம் கேட்கிறவன் ஆகிய இவர்களின் நடை, தளம் நடத்துகிறவனுக்கு மிக விரைவிலேயே பழகிவிடும். பணம் பெறுவதற்கு 'பின்' எண் வேண்டியதே இல்லை என்ற ஒரு வரியை ஒவ்வொரு விளம்பரத்தின் கீழும் அச்சிடுவதற்குச் செலவு ஏதும் ஆகாது; அந்த வரி இல்லாததால் ஒரு முதியவர் தம் சேமிப்பை இழந்தால், எந்த நீதிமன்றமும் அதைத் தளத்தின் கணக்கில் எழுதாது. எழுதாதது நம்மை விடுவித்துவிடாது.

ஆகையால், கையிலுள்ள சிறு பொருளைக் கொண்டு இத்தகைய தளத்தைத் தொடங்க எண்ணும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது: அலங்காரத்தைக் குறையுங்கள், சர்வரைக் குறையுங்கள், ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், உங்கள் சொந்த வரும்படியையும் இயன்றவரை குறைத்துக்கொள்ளுங்கள், புகாரைப் படிக்கும் மனிதரின் நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள். உங்களால் படித்துப் பார்க்க முடிந்த அளவுக்கு மட்டும் விளம்பரங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு நூறுதான் படிக்க முடியும் என்றால், நூற்றோராவது விளம்பரத்தை மறுநாள் வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.